மேடை மையைக் கண் நோகாமல் அகற்ற…

கேள்வி: எனக்கு 22 வயது. பரதநாட்டியம் ஆடுகிறேன். மார்கழியில் அடுத்தடுத்து நிகழ்ச்சிகள். வாட்டர்ப்ரூஃப் ஐலைனர், கண் மை, மஸ்காரா, சில நாள் ஒட்டு இமை முடியும் உண்டு. வீடு திரும்ப இரவு 11 மணி ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் தடவி, துண்டால் தேய்த்துத் துடைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். காலையில் கண் சிவந்து, பார்வை மங்கலாக இருக்கிறது. இமை முடியும் உதிர்கிறது. காண்டாக்ட் லென்ஸ் அணிகிறேன். எண்ணெய்தான் காரணமா?

பதில்: எண்ணெய்மேல் முழுப்பழியையும் போட முடியாது. வாட்டர்ப்ரூஃப் மையில் மெழுகும் சிலிகோனும் இருக்கும். வியர்வையில் கலையக் கூடாது என்றே செய்த பொருள் என்பதால் தண்ணீருக்கும் சாதாரண ஃபேஸ்வாஷுக்கும் எளிதில் அசையாது. எண்ணெய்ப் பசை உள்ள ஒன்றுதான் அதைக் கரைக்கும். உங்கள் வழியில் கோளாறு துண்டால் தேய்ப்பதில் இருக்கிறது. கரைந்த மையும் எண்ணெயும் சேர்ந்து கண்ணுக்குள் இறங்குவதிலும் இருக்கிறது.

இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. இமை விளிம்பில், முடி வரிசைக்கு உட்புறம், மைபோமியன் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாகத் திறந்திருக்கும். மேல் இமையில் ஏறக்குறைய 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30. இவை சுரக்கும் நெய்ப்பு கண்ணீரின் மேல் படலமாகப் பரவி, அது சட்டென்று உலர்ந்துவிடாமல் காக்கிறது. தேய்க்கும்போது மைத்துகளும் எண்ணெயும் அந்தப் படலத்தைக் குலைக்கின்றன. சுரப்பிகளின் வாயையும் அடைக்கின்றன. சிமிட்டியதும் தெளிந்து, உடனே மறுபடி மங்கினால் உங்கள் மங்கலுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். லென்ஸோடு சேர்த்தே எண்ணெய் தடவியிருந்தால் அதிலும் படிந்திருக்கும். அந்த லென்ஸை மறுபடி போடாதீர்கள்.

இனி இப்படிச் செய்து பாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முதலில் லென்ஸைக் கழற்றுங்கள். ஒட்டு இமை இருந்தால், அதன் பட்டையில் ரிமூவர் தொட்ட பட்ஸை ஓட்டி, பசை இளகிய பிறகு வெளி ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் சொந்த முடியும் கூடவே வரும். அடுத்து, கடையில் கிடைக்கும், எண்ணெயும் நீரும் தனித்தனியாக நிற்கும் இரண்டடுக்கு ரிமூவரைக் குலுக்கி, பஞ்சு வட்டில் நனைத்து, மூடிய கண்மேல் வையுங்கள். அரை நிமிடம் அப்படியே இருக்கட்டும். தேய்க்கவே வேண்டாம். பிறகு மேலிருந்து கீழாக, முடி வளர்ந்திருக்கும் போக்கிலேயே ஒருமுறை வழித்தெடுங்கள். இன்னும் கறுப்பு வந்தால் அழுத்திப் பயனில்லை. புதுப் பஞ்சு எடுத்து இன்னொரு அரை நிமிடம் வையுங்கள். முடி அடியில் ஒட்டியிருப்பதற்குப் பட்ஸ் போதும், வெளிப்பக்கமாக மட்டும். கண்ணுக்குள் தெரியும் கறுப்புத் துணுக்கைக் குடையாதீர்கள். கண்ணீரே அதை மூக்கோர மூலைக்குக் கொண்டுவந்துவிடும். அங்கே ஒற்றி எடுங்கள்.

கடைசியில் வாசனையில்லாத மென்மையான க்ளென்சரால் மூடிய இமையைக் கழுவி, துண்டால் ஒற்றுங்கள். பலர் விடுவது இந்தப் படியைத்தான். மேக்கப்பைத் துடைத்தெடுக்கும் மைசெல்லார் வாட்டர் என்ற திரவத்தைப் பயன்படுத்துபவர்களும் கழுவத்தான் வேண்டும். புட்டியில் எதுவும் எழுதியிருக்கட்டும்; அழுக்கை இளக்கும் வேதிப்பொருள் இமையில் தங்கினால் சிலருக்கு எரிச்சல் தரும். ரிமூவர் இல்லாத நாளில் தேங்காய் எண்ணெயே போதும். வழியவிடாமல் சில சொட்டு பஞ்சில் எடுத்து, இதே முறையில் செய்யுங்கள்.

11 மணிக் களைப்பில் யாருக்கும் பொறுமை இருக்காது என்பது தெரிந்ததே. அதனால் முகத்துப் பேன்கேக் வீடு வரை வந்தாலும் பரவாயில்லை, கண்ணை மட்டும் மேக்கப் அறையிலேயே முடித்துவிடுங்கள். லென்ஸைக் கழற்றிவிடுவதால், மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள். ரிமூவர் பட்ட கண் சற்று நேரம் மங்கலாகத் தெரியும்; தெளியும் வரை ஸ்கூட்டி ஓட்ட வேண்டாம்.

உதிரும் முடி பற்றி: தினம் ஓரிரண்டு உதிர்வது இயல்பு. வேர் கெடாமல் இருந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி வளரும். கொத்தாக உதிர்ந்தாலோ, முடி அடியில் பொடுகு போலச் செதில் தெரிந்தாலோ அது பிளெஃபரைட்டிஸ் என்ற இமை அழற்சியாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதற்காக இணையத்தில் சொல்வதை நம்பி டீ ட்ரீ ஆயிலைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், கண் புண்ணாகும்.

மை வேண்டாம் என்று நடனக்காரரிடம் சொல்வதில் அர்த்தமில்லை, அபிநயத்துக்குக் கண் எடுப்பாகத் தெரிந்தாக வேண்டும். ஆனால் முடி வரிசைக்கு வெளியே தீட்டுங்கள், உள்விளிம்பில் வேண்டாம். லேபிள் இல்லாத சுர்மா என்ற கண் மைப்பொடியைத் தொடவே தொடாதீர்கள், சிலவற்றில் ஈயம் இருக்கிறது. குழுவில் ஒரே மஸ்காராவைக் கைமாற்றுவதும் கூடாது. திறந்து மூன்று மாதம் ஆனதை எறிந்துவிடுங்கள். மெட்ராஸ் ஐ வந்தபோது பூசியதை அன்றே.

ஒரு வாரம் மேக்கப்பும் லென்ஸும் இல்லாமல் விட்டும் சிவப்பு குறையாவிட்டால் கண் மருத்துவரைப் பாருங்கள். வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வைக் குறைவு, சீழ் என எது இருந்தாலும் அந்த ஒரு வாரமும் காத்திருக்க வேண்டாம். லென்ஸ் அணிபவர்களுக்குக் கருவிழியில் தொற்று வேகமாகப் பரவும், அன்றே போய்விடுங்கள். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தேவைப்பட்டால் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.