சிங்கிள் பேஸில் திரீ பேஸ் மோட்டார்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழைய சின்ன லேத் ஒன்று வாங்கினேன். 1 எச்பி திரீ பேஸ் மோட்டார். வீட்டில் சிங்கிள் பேஸ்தான். ஓட்ட முடியுமா?

பதில்: தாராளமாக. சிங்கிள் பேஸ் உள்ளே கொடுத்தால் திரீ பேஸ் வெளியே தரும் விஎஃப்டி (ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தையும் மாற்றும் டிரைவ்) ஒன்று வாங்குங்கள். ஆனால் கடைக்குப் போகும் முன் நேம் பிளேட்டைத் துடைத்துப் படியுங்கள். 230 வோல்ட் உள்ளே போனால் சாதாரண விஎஃப்டி 230 வோல்ட்தான் வெளியே தரும், 415 ஆக ஏற்றாது. ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் மூன்று காயில்களை இணைக்கும் இரண்டு முறைகள். பிளேட்டில் 240 டெல்டா / 415 ஸ்டார் என்று இருந்தால் வேலை சுலபம். டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் இரண்டு வரிசையில் ஆறு போல்ட் இருக்கும். ஒரு வரிசையின் மூன்றையும் பித்தளைப் பட்டை சேர்த்திருந்தால் அது ஸ்டார். பட்டைகளைக் கழற்றி, மேல் கீழாக மூன்று ஜோடி போட்டால் டெல்டா. ஆம்பியர் இப்போது ஸ்டாரில் இருந்ததைப் போல 1.73 மடங்கு ஆகிவிடும். விஎஃப்டியில் அந்தக் கணக்கைத்தான் பதிய வேண்டும்.

கேள்வி: என் மோட்டாரில் மூன்றே ஒயர்தான் வருகிறது. 415 ஸ்டார் என்று போட்டிருக்கிறது.

பதில்: ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளேயே இருக்கிறது. நல்ல காயில் கட்டுபவரிடம் கொடுத்தால் முடிச்சைப் பிரித்து மூன்று முனைகளையும் வெளியே எடுத்து, ஸ்லீவ் போட்டு, வார்னிஷ் அடித்துத் தருவார். முழுக்க ரீவைண்டிங் செய்யச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பக்கத்துப் பட்டறையில் வெறும் கண்டென்சர் போட்டே ஓட்டுகிறார்கள். விஎஃப்டிக்கு எதற்குச் செலவு?

பதில்: ஓடும், மறுக்கவில்லை. 230 வோல்ட் டெல்டாவில் ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 70 மைக்ரோஃபாரட், அதாவது 1 எச்பிக்கு 50 சுமார், இரண்டு முனைகளுக்கு லைனின் இரண்டு ஒயரையும் கொடுத்துவிட்டு, மூன்றாவது முனைக்கும் அதில் ஒரு ஒயருக்கும் நடுவில் போடுவார்கள். அடுத்த ஒயருக்கு மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ஆனால் பவர் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும், ஸ்டார்டிங் இழுவை இன்னும் மோசம். லோடு மாறினால் மூன்று காயிலிலும் ஆம்பியர் சமமாக இராது. சும்மா ஓடும்போதே சூடாவதும் உண்டு. சாணை பிடிக்கும் கல்லுக்குச் சரி. கம்ப்ரசருக்கு வேண்டவே வேண்டாம், உறுமிக்கொண்டு நின்றுவிடும். போடுவதானால் 440 வோல்ட் ரன் கண்டென்சர்தான் (தொடர்ந்து லைனில் இருக்கத் தாங்கும் வகை).

கேள்வி: 5 எச்பி கிணற்று மோட்டாரை வீட்டு லைனில் ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்த அளவு மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட் டெல்டா, பட்டையை மாற்றிப் போட்டு 230க்குக் கொண்டுவர வழியில்லை. காயிலையே 230க்கு மாற்றிக் கட்டினாலும் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், வீட்டு ஒயரிங் தாங்காது. திரீ பேஸ் இணைப்புக்கு விண்ணப்பியுங்கள், இல்லை சின்ன சிங்கிள் பேஸ் பம்பு பாருங்கள்.

கேள்வி: லேத்தின் பழைய பார்வேர்ட்-ரிவர்ஸ் ஸ்விட்ச் அப்படியே இருக்கட்டுமா?

பதில்: விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் எந்த ஸ்விட்சும் கூடாது, பழைய கண்டென்சரும் கூடாது. ஓடும்போது தட்டினால் டிரைவ் போய்விடலாம். அந்த ஸ்விட்சை விஎஃப்டியின் கன்ட்ரோல் முனைகளுக்கு மாற்றுங்கள், அதே கைப்பழக்கம் தொடரும்.

கேள்வி: விஎஃப்டியில் 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 10 ஹெர்ட்ஸ் வைத்து மெதுவாக ஓட்டினால்?

பதில்: கொஞ்ச நேரம் பரவாயில்லை. விசிறி மோட்டார் ஷாஃப்டிலேயே இருப்பதால் அதுவும் மெதுவாகிவிடும், மோட்டார் உடம்பு சுடும். தொடர்ந்து ஓட்டுவதானால் தனி விசிறி வையுங்கள். அப்புறம், லைனை அணைத்த உடனே விஎஃப்டி மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி சில நிமிடம் நிற்கும். மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.