மகளைப் பொருளியல் படிக்க விடலாமா என்று கேட்ட அம்மாவுக்கு

அக்கா, போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது முக்கால் மணித்தியாலமும் நீங்கள்தான் கதைத்தீர்கள். அதில் பிழையில்லை, பயம் அப்படித்தான் கதைக்க வைக்கும். ஆனால் இடையில் உங்களுக்கு ஒரு போன் வந்து வெளியே போனீர்களே, அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் பிள்ளை எனக்கு ஒன்று சொன்னாள். அதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

2021 கடைசியில் கனடாவில் இருக்கும் மாமா, அம்மம்மாவுக்கு வங்கியால் காசு அனுப்புவதை விட்டுவிட்டு உண்டியலால், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் கைமாற்றிக் கொடுக்கும் வழியால், அனுப்பத் தொடங்கினாராம். இலங்கையில் அமெரிக்க டொலரை 200 ரூபாயில் கட்டி வைத்திருந்த காலம் அது, கனடாக் காசுக்கும் வங்கியைவிட வெளியில் கூடுதலாகக் கிடைத்தது. "ஒரே காசுக்கு ஏன் ரெண்டு விலை?" என்று வீட்டில் கேட்டுப் பார்த்திருக்கிறாள், ஒருவரும் பதில் சொல்லவில்லையாம். அக்கா, அந்தக் கேள்விக்குள் இருந்த பிரச்சினையும் சேர்ந்துதான் அடுத்த வருடம் முழு நாட்டையும் பெற்றோல் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது: காசு வங்கிக்கு வராவிட்டால் பெற்றோல் வாங்க நாட்டிடம் டொலர் இருக்காது. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் வங்கி வழியாக அனுப்பிய காசு 2020ல் 7.1 பில்லியன் டொலர், 2022ல் 3.8 பில்லியன். 2022 மார்ச்சில் ரூபாயை அதன் போக்கில் விட்டார்கள், மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாய்க்குப் போய்விட்டது. பதினைந்து பதினாறு வயதில் அதைக் கவனித்துக் கேட்ட பிள்ளைக்குப் பொருளியல் என்பது பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி குறைந்ததால் கிடைத்த மிச்சம் மீதி இல்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது அதுதான்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். 2017ல் யாழ். மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் போராட்டத்தில் இருந்ததைப் பார்த்தவர் நீங்கள், "இவளும் கம்பஸ் முடிச்சிட்டு வீட்டில இருப்பாளோ" என்று கேட்காமல் எப்படி இருப்பீர்கள். நேராகவே சொல்கிறேன்: வைத்தியருக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது, பொறியியலாளருக்கும் இன்ன இடம் என்று இருக்கிறது, பொருளியல் படித்தவருக்கு அப்படிப் பெயர் எழுதி வைத்த கதிரை கிடையாது. பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அரசாங்கம் கூப்பிடும் என்று இருந்தால் வருடக்கணக்கில் இருக்க வேண்டி வரலாம்.

அப்படியென்றால் யாருக்கு வேலை கிடைக்கிறது? கணக்கும் ஆங்கிலமும் பயப்படாமல் கையாளுகிறவர்களுக்கு. இதைத்தான் ரியூசனில் ஒருவரும் சொல்வதில்லை. உயர்தரத்தில் கேள்வி (டிமாண்ட்), நிரம்பல் (சப்ளை) என்று கோடு கீறி விளங்கப்படுத்திய அதே விஷயம் பல்கலைக்கழகத்தில் வகையீடாக வரும், புள்ளிவிபரவியல் வரும், பிறகு பொருளியல் தரவுகளைப் புள்ளிவிபரத்தால் அளந்து பார்க்கும் எக்கொனொமெற்றிக்ஸ் என்று ஒரு பாடம் வரும், அதில்தான் நிறையப் பிள்ளைகள் இடறி விழுகிறார்கள். கொமர்ஸ் பிள்ளைகள் ஓ.எல் (சாதாரண தரம்) உடன் கணிதப் புத்தகத்தை மூடியவர்கள்தானே. முதல் வருடப் பெறுபேற்றை வைத்துத்தான் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு ஆள் எடுப்பார்கள், ஆகவே ஆறுதலாகப் பிறகு பிடிக்கலாம் என்று இருக்க முடியாது. நல்ல காலம், ஏ.எல் எழுதியதற்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் இடையில் நம் நாட்டில் நீண்ட காலம் சும்மா போகிறது. அந்த மாதங்களில் தையல் பழகட்டும், கேக் பழகட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் தினமும் ஒரு மணித்தியாலம் கணிதம், ஒரு மணித்தியாலம் ஆங்கிலம். எக்செலும் பழக வேண்டும். புள்ளிவிபரக் கணக்குகள் செய்யும் ஆர் (R) என்ற மென்பொருள் இலவசம், வீட்டில் ஒரு பழைய லப்டொப் இருந்தாலே போதும்.

வேலை என்று பார்த்தால், இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம், எந்தப் பட்டமும் சரி. மாவட்டச் செயலகத்திலும் பிரதேச செயலகங்களிலும் திட்டமிடல் கிளை இருக்கிறது, அங்கே நடக்கும் வேலையில் பாதி பொருளியல்தான். மத்திய வங்கி, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம், கொழும்பில் கொள்கை ஆய்வு நிறுவனங்கள், தனியார் வங்கிகள், ஒரு திட்டம் உண்மையில் பலன் தந்ததா என்று அளந்து சொல்ல ஆள் தேடும் தொண்டு நிறுவனங்கள். ஆசிரியத் தொழிலையும் குறைத்து நினைக்க வேண்டாம், உயர்தரத்தில் கலைப்பிரிவுக்கும் வர்த்தகப்பிரிவுக்கும் பொருளியல் இருக்கிறது, நன்றாகப் படிப்பிக்கிறவரைத் தேடிப் பிள்ளைகள் வருவார்கள்.

சித்தியின் மகன் மாதிரிக் கணக்காளர் படிப்பையும் சேர்த்துச் செய்யட்டுமா என்று கேட்டீர்கள். முதல் வருடத்தில் வேண்டாம் அக்கா. இரண்டையும் ஒன்றாகத் தூக்கி இரண்டிலும் அரைகுறையாக நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு உண்மையில் கணக்கியல்தான் பிடிக்கும் என்றால் அதற்கே நேராகப் போகலாம், அதுவும் நல்ல தொழில்.

இன்னொன்று. திருநெல்வேலியில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகம் வீட்டுக்குக் கிட்ட என்பதற்காக மட்டும் அதை முதலில் போட வேண்டாம். பேராதனையிலும் கொழும்பிலும் பொருளியல் துறைகள் இருக்கின்றன. விடுதியில் நின்று சிங்களமும் கொஞ்சம் பழகி வருகிற பிள்ளைக்குப் பிறகு நேர்முகத் தேர்வில் இருக்கும் தைரியமே வேறு. ஒரு வருடம் உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்கும் மகள் இருக்கிறாள், விளங்குகிறது.

வருகிற சனிக்கிழமை வரும்போது அவளுடைய ஓ.எல் பெறுபேற்றை எடுத்து வாருங்கள், கணிதத்துக்கு என்ன எடுத்தாள் என்று பார்க்க வேண்டும். அப்புறம் அன்றைக்கு அவளையே கதைக்க விடுங்கள்.