வாசகர் கேள்வி – பதில்: ஒலிக்காத எழுத்துகள்

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் தினமும் பத்து ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்து தவறாமல் ஒப்பிக்கிறாள். ஆனால் தேர்வில் ஒலிக்காத எழுத்துகளை விட்டுவிட்டு மதிப்பெண் இழக்கிறாள். இதற்கு என்ன வழி?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகளின் நினைவாற்றலில் குறையில்லை. காதில் விழுவதை எழுதினால் தமிழில் பெரும்பாலும் சரியாகவே வரும். அந்தப் பழக்கம் ஆங்கிலத்தில் கைகொடுப்பதில்லை. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கியபின், அச்சு நூல்களின் வழியே எழுத்துமுறை மெல்ல நிலைபெற்றது. ஒலிப்போ தொடர்ந்து மாறிக்கொண்டே வந்தது. எனவே இன்று ஒலிக்காத எழுத்துகள் பல, ஒரு காலத்தில் ஒலித்தவையே.

ஆகவே சொல்லைத் தனியாக அல்லாமல், அதன் உறவுச் சொற்களோடு சேர்த்துக் கற்கச் சொல்லுங்கள். கையொப்பமிடுவதைக் குறிக்கும் ‘சைன்’ என்பதில் ‘ஜி’ ஒலிக்காது. அதற்குக் கீழேயே ‘சிக்னேச்சர்’, ‘சிக்னல்’ என்று எழுதிப் பார்த்தால் அதே ‘ஜி’ வாய்விட்டு ஒலிக்கும். கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் ‘பி’ கிடையாது. லத்தீன் மூலத்தைக் காட்ட விரும்பிய அறிஞர்கள் பிற்காலத்தில் அதைச் சேர்த்தனர். நம் கையில் இருக்கும் ‘டெபிட்’ கார்டு அதே மூலத்தில் பிறந்த சொல் என்று காட்டிவிட்டால், குழந்தை அந்த ‘பி’யை மறக்கமாட்டாள். (இது ஏ-க்கு அடுத்து வரும் ‘பி’. தமிழில் எழுதினால் இதுவும் ஓ-வுக்கு அடுத்து வரும் ‘பி’யும் ஒன்றாகவே தெரிகின்றன. நம் பிள்ளைகள் இவ்விரு எழுத்துகளையும் குழப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.)

கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ போன்றவற்றுக்கு இத்தகைய உறவு கிடைக்காது. அவற்றை எழுதும்போது மட்டும் ‘க்நைஃப்’ என்று மனத்துக்குள் ஒலிக்கச் சொல்லுங்கள். பழங்கால ஆங்கிலேயர் அந்தச் சொற்களின் முதலெழுத்தை உண்மையிலேயே ஒலித்தார்கள்.

பத்துச் சொற்களுக்குப் பதில் நாளுக்கு இரண்டு சொற்குடும்பங்கள் போதும். சொல்லைப் பார்த்து, மூடி, எழுதி, ஒப்பிட்டபின், பிழையான எழுத்தை மட்டும் வட்டமிட்டு, மூன்று நாள் கழித்து அதே பக்கத்தை மறுபடி எழுதிப் பார்க்கட்டும். ஒப்பிப்பதைவிட, பார்க்காமல் எழுதிப் பார்ப்பதே எழுத்துப் பிழையைத் தீர்க்கும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் பேத்தி ‘கலர்’ என்ற சொல்லை ‘யு’ இல்லாமல் எழுதுகிறாள், கணினியும் அதைச் சரியென்கிறது. அது பிழையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பிழையன்று, அது அமெரிக்க வழக்கு. நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதி அவ்வடிவம் அங்கே வேரூன்றப் பெரிதும் உதவியது. நம் பள்ளிகள் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுவதால் தேர்வுத்தாளில் ‘யு’ சேர்த்தே எழுதட்டும். கணினியின் மொழி அமைப்பில் ‘இங்கிலீஷ் – இந்தியா’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். ‘யு’ சேர்த்து எழுதுவதை அது பிழையென்று காட்டாது.