பி.எட். முடித்துவிட்டு கிருஷ்ணகிரி பக்கம் ஆசிரியர் வேலைக்கு வரலாமா? என்ன எதிர்பார்க்கலாம்?

நான் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆகவே இது எங்கள் பக்கத்துக் கதை. சமவெளிப் பள்ளிக்காரர் வேறு மாதிரி சொல்லலாம்.

முதலில் காத்திருக்க வேண்டும். பி.எட். முடித்த கையோடு ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். மாதம் 4,500 ரூபாய். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். (தயவுசெய்து யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். திரும்ப வாங்குவதற்குள் எனக்கு இரண்டு மாதச் சம்பளம் போனது.) 2012 ஜூலையில் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. 150 கேள்வி, ஒன்றரை மணி நேரம். ஆறு லட்சம் பேருக்கு மேல் எழுதியதில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. நானும் கோட்டை விட்டேன். அக்டோபர் மறுதேர்வில் மூன்று மணி நேரம் கொடுத்தார்கள், தேறினேன், டிசம்பரில் ஆணை கைக்கு வந்துவிட்டது. இப்போது அவ்வளவு சுலபமில்லை. 2018இல் வந்த அரசாணை 149க்குப் பிறகு, டெட் தேறியவர்களும் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். கிடைத்துவிட்டால் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 36,400இல் ஆரம்பிக்கும். எங்கள் ஊர் விலைவாசிக்கு நல்ல சம்பளம்தான்.

சரி, வகுப்புக்கு வருவோம். பி.எட்.டில் பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகளுக்குத் தமிழில் பின்னம் நடத்துவது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. முதல் வாரம், ஆறாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "நாக்கு அர்த்தம் காலேது சார்" என்றான். நாக்கில் ஏதோ புண் போல என்று நினைத்து, "வாயைத் திற, பார்க்கலாம்" என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. 'எனக்குப் புரியவில்லை' என்று தெலுங்கில் சொல்லியிருக்கிறான். அன்று மதியமே சத்துணவு சமைக்கும் அக்காவிடம் உட்கார்ந்து, பாதிக்கு 'சகம்' என்பதிலிருந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். களி உருண்டையை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டால் பின்னம் எல்லாருக்கும் புரிகிறது. புத்தகத்தில் இருக்கும் கேக் படத்தை நான் இப்போது தொடுவதே இல்லை.

அப்புறம் ராகி. கார்த்திகை, மார்கழியில் அறுப்பு. சரியாக அப்போதுதான் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி வழியாக இந்தப் பக்கம் வரும். அப்பாவோடு வயல் காவல் பரணில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கத் தகரம் தட்டிய பையன், காலையில் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்குவான். ஆரம்பத்தில் எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இப்போது அந்த இரண்டு மாதமும் கணக்கை மூன்றாம் பீரியடுக்குத் தள்ளிவிடுகிறேன். யானை பாதையில் நின்றால் சில பிள்ளைகள் வரவே முடியாது. அந்த வருகைப்பதிவையும் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறைச் செயலியில் ஏற்றியாக வேண்டும், ஆனால் டவர் இருக்காது. பள்ளிக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. அதன் மேல் ஏறினால்தான் கோடு காட்டும். எங்களுக்கு அது 'எமிஸ் பாறை'.

ஆனால் உண்மையான வேலை எட்டாம் வகுப்பு முடியும்போதுதான் ஆரம்பிக்கிறது. உயர்நிலைப் பள்ளி ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. பையன்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பேச்சு எடுப்பார்கள். மே மாதம் முழுக்க வீடு வீடாக நடப்பேன். "பொட்டப் புள்ளைய பஸ்ஸுல அனுப்பிட்டு யாரு சார் காவல் இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு, மூன்று பேருக்கு அரசு விடுதியில் இடம் வாங்கிக் கொடுக்க முடிந்தது, அவ்வளவுதான்.

ஒரு முறை, ஒரு பெண் பிள்ளைக்குக் கல்யாணம் என்று தெரிந்து, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்தேன். கல்யாணம் நின்றது. ஆறு மாதம் டீக்கடையில் எனக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பெண்ணும் படிக்க வரவில்லை, பெங்களூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் தம்பி இப்போது என்னிடம் ஏழாம் வகுப்பு படிக்கிறான். ராகி அறுப்பு சமயம் தவிர ஒரு நாளும் லீவு போடுவதில்லை.