20 மி.கி.யில் தொடங்குவது ஏன்?

அப்பாவின் சிஎல்எல் இரத்தப் புற்றுநோய்க்கு வெனிடோகிளாக்ஸ் மாத்திரையை வெறும் 20 மி.கி.யில் தொடங்கியிருக்கிறார்களே, போதுமா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், வழக்கமே அதுதான். வாரந்தோறும் 50, 100, 200 என ஏற்றி ஐந்தாவது வாரம் 400-க்கு வருவார்கள்.

பழுதான செல் தானாகச் சாக வேண்டும். பிசிஎல்-2 என்ற புரதம் அதைச் சாகவிடாமல் பிடித்துவைக்கும். இந்த நோயில் அது எக்கச்சக்கம். மாத்திரை அந்தப் பிடியைத் தளர்த்தியதும் செல்கள் கூட்டமாகச் சாகும். உள்ளிருக்கும் பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் இரத்தத்தில் கொட்டும், யூரிக் அமிலம் ஏறும், சிறுநீரகம் திணறும். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவதும், அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்வதும் அதைத் தவிர்க்கத்தான்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள். தண்ணீர் நிறைய வேண்டும். இதயக் கோளாறு இருந்தால் தண்ணீரின் அளவை டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், பூஞ்சைத் தொற்று மாத்திரை எதையும் டாக்டரிடம் சொல்லாமல் சேர்க்காதீர்கள். சில வகைகள் இம்மருந்தின் அளவை உடம்பில் எகிறவைத்துவிடும்.