பத்தாண்டு படித்தும் பேச வரவில்லையா? பள்ளியில் ஆங்கிலம்: கேள்வி பதில்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. ஆசிரியர் பயிற்சியில் நெடுநாள் இருப்பவர் பதில் தருகிறார்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை ஆங்கிலம் படித்த பிள்ளைக்கு நாலு வரி சொந்தமாக எழுத வருவதில்லை. நேரம் போதவில்லையா?

நேரம் இருக்கிறது. நாளுக்கு ஒரு பாடவேளை 40 நிமிடம், ஆண்டுக்கு 200 நாள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 133 மணி. பத்தாண்டில் 1,330 மணி. அன்றாடத் தேவைக்குத் தடுமாறாமல் பேசி எழுதும் நிலையை ஐரோப்பிய அளவுகோலில் 'பி 1' என்பார்கள். அதை எட்ட 350 முதல் 400 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வுத் துறையின் மதிப்பீடு. நம்மிடம் அதைப்போல் மூன்று மடங்கு இருக்கிறது.

அந்த நேரத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் கோளாறு. ஆசிரியர் வாசிக்கிறார், தமிழில் பொருள் சொல்கிறார், விடையைக் கரும்பலகையில் எழுதுகிறார், பிள்ளை பார்த்து எழுதுகிறது. அதில் பிள்ளை தானாக ஆங்கிலம் வாசித்தது, பேசியது, யோசித்து எழுதியது எத்தனை நிமிடம்? வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கவனித்துக் குறித்துப் பாருங்கள். பல வகுப்புகளில் மூன்று நிமிடம்கூடத் தேறாது. கீழே நான் சொல்லும் எல்லாமே அந்த மூன்றைப் பதினைந்தாக, இருபதாக ஆக்குவதற்குத்தான்.

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன் சார். 34 பேரில் பாதிக்கு மேல் மூன்றெழுத்துச் சொல்லே வாசிக்க வரவில்லை. பாடத்தையும் முடிக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

முதலில் யாருக்கு எது வரவில்லை என்று பிரியுங்கள், டீச்சர். ஒரு தாள் தயார் செய்யுங்கள். மேலே 10 சிறிய எழுத்துகள், அடுத்து 10 மூன்றெழுத்துச் சொற்கள், கீழே மூன்று வரிப் பத்தி. பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, தலைக்கு இரண்டு நிமிடம். மற்றவர்கள் அப்போது பார்த்தெழுதும் வேலையில் இருக்கட்டும். இரண்டு பாடவேளையில் முடிந்துவிடும். 'கேட்', 'டாக்' போன்றவை படத்தோடு மனப்பாடமாகி இருக்கும். எனவே பொருளே இல்லாத 'விப்', 'நோம்' மாதிரி இரண்டு மூன்றைச் சேருங்கள். அவற்றைக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்குத்தான் உண்மையில் வாசிக்கத் தெரியும்.

வராதவர்களுக்கு எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஒலியைக் கற்றுக்கொடுங்கள். 'பி, ஏ, டி' என்று பெயர்களைக் கூட்டினால் எந்தக் காலத்திலும் 'பேட்' வராது. ஏ முதல் இசட் வரை வரிசையாகவும் போக வேண்டாம். எஸ், ஏ, டி (t), பி (p), ஐ, என் என்ற ஆறு எழுத்தில் தொடங்கினால் முதல் இரண்டு வாரத்திலேயே பின், டின், டிப், டேப், பேன், சிட் என்று ஒரு டஜன் சொற்களை வாசித்துவிடுவார்கள். 'நமக்கும் வரும்' என்ற நம்பிக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மிகவும் முக்கியம். நாலைந்து வருஷமாக வராது என்றே அது நினைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு நாளுக்கு ஒரு புது எழுத்து, தினமும் 15 நிமிடம். 26 எழுத்தும், 'ஷ்', 'ச்' ஒலிகளுக்கான இரட்டையெழுத்துகளும் முடிய மூன்று மாதம் ஆகும். குறில் உயிரொலிகள் நன்றாகப் படிந்த பிறகே நெடிலுக்குப் போங்கள். தமிழில் ஓர் உயிரெழுத்துக்கு ஓர் ஒலி என்று பழகிய பிள்ளைக்கு, 'ஏ' என்ற ஒரே எழுத்தை மூன்று விதமாக வாசிக்கச் சொன்னால் குழம்பிவிடும்.

நம் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. குண்டூசியும் குப்பைத்தொட்டியும் ஆங்கிலத்தில் வேறு வேறு முதல் எழுத்து. தமிழில் இரண்டையும் 'பின்' என்றுதான் எழுதுவோம். நம் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாததால் காதும் அதைத் தேடுவதில்லை. கையைத் தொண்டையில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். 'பால்' என்பதன் முதல் ஒலிக்கு அதிர்வு இருக்காது, 'பாக்கியம்' என்பதன் முதல் ஒலிக்கு இருக்கும். பிறகு நீங்கள் சொல்வதைக் கேட்டு ஒன்று அல்லது இரண்டு விரல் காட்டும் விளையாட்டு, தினம் இரண்டு நிமிடம். க, ட, த வரிசைகளுக்கும் இதே வழிதான்.

ஒன்றை உடனே நிறுத்துங்கள்: ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொள்வது. பிள்ளை தமிழைத்தான் வாசிக்கும், ஆங்கில எழுத்தைப் பார்க்கவே பார்க்காது. அடுத்த பக்கத்தில் அதே சொல் வந்தாலும் தெரியாது.

பாடத்தைக் கைவிட வேண்டியதில்லை. மீதி 25 நிமிடத்தில் பாடத்தின் முக்கியமான எட்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிதானமாக வாசிக்க, அவர்கள் விரல் வைத்துத் தொடர்ந்து வரட்டும். இரண்டாம் முறை உங்களோடு சேர்ந்து, மூன்றாம் முறை பக்கத்தில் இருப்பவருக்கு. ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்க வைத்தால் 34 பேருக்கு ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஜோடியாக 10 நிமிடம் வாசித்தால் ஆளுக்கு 5 நிமிடம்.

வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்கிறார் எங்கள் தலைமையாசிரியர். சரியா?

சரியில்லை. புதுச்சொல்லின் பொருளைத் தமிழில் மூன்று நொடியில் சொல்லிவிட்டு, மிச்சப்பட்ட நேரத்தில் அந்தச் சொல்லை வைத்து நாலு வாக்கியம் பேச வைக்கலாம். வரிக்கு வரி தமிழாக்கம் செய்வதுதான் கெடுதல். எப்படியும் தமிழில் வரப்போகிறது என்று தெரிந்தால் ஆங்கிலத்தை யார் கவனிப்பார்கள்?

வழக்கமாகச் செய்யும் வேலைகளுக்கான ஆங்கிலத்தை நிரந்தரமாக்குங்கள்: புத்தகத்தை எடு, பக்கத்தில் இருப்பவனிடம் கேள், சத்தமாகச் சொல், இன்னொரு முறை. முப்பது வாக்கியம் போதும். மாறாமல் அதே வடிவில் தினமும் வந்தால் ஒரு மாதத்தில் பதிந்துவிடும்.

'விதி சொல்லிக்கொடுத்து, பயிற்சி செய்' முறையில் இலக்கணம் எடுக்கிறேன். பயிற்சியில் சரியாகச் செய்கிறவர்கள் பேசும்போது கோட்டை விடுகிறார்கள். ஏன்?

பயிற்சித் தாளில் கவனம் முழுக்க வடிவத்தில் இருக்கிறது. பேசும்போது கவனம் சொல்லவந்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. இந்த இடைவெளியைத்தான் மொழிக்கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பள்ளிகளில் ஒரு திட்டமாக நடத்தி ஆராய்ந்தார். ஒரு வேலையைச் செய்ய வைத்து அதன் வழியே மொழியைக் கற்பிப்பது, அதாவது இன்று உலகமெங்கும் செயல்வழி மொழிக்கற்பித்தல் என்று பேசப்படுவதற்கு அந்தத் திட்டம் ஒரு முன்னோடி. நம் ஊர்ச் சாதாரண வகுப்பறைகளில் நடந்தது என்பதை நம் ஆசிரியர்களே அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

வழி எளியது. ஒரு ரயில் கால அட்டவணையைப் பலகையில் எழுதுங்கள். முதல் பாதியில் ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து, வாய்மொழியாக: எந்த ரயில் முதலில் மதுரை சேரும்? 11 மணிக்குத் திருச்சியில் இருக்க வேண்டியவர் எதைப் பிடிப்பார்? கேள்வியும் பதிலும் ஆங்கிலத்தில். பிறகு அதேபோன்ற இன்னொரு அட்டவணையைப் பிள்ளைகள் தனியாகச் செய்ய வேண்டும். விடை சரியா என்பதற்குத்தான் மதிப்பெண். வாக்கியம் பிழையாக வந்தால் நீங்கள் சரியான வடிவில் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடருங்கள், நிறுத்தி விதி விளக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு வகுப்பு இப்படி, மீதியில் உங்கள் இலக்கணப் பயிற்சி.

என் உச்சரிப்பே சரியில்லை, அதனால் வாயைத் திறக்கப் பயம். வெள்ளைக்காரர் மாதிரிப் பேச வேண்டுமா?

வேண்டாம். கேட்பவருக்குத் தெளிவாகப் புரிந்தால் போதும். புரிதலைக் கெடுக்கும் நான்கைந்து பழக்கத்தை மட்டும் திருத்துங்கள். எகரத்துக்கு முன் யகரம் வைத்து 'யெவ்ரி' என்பது, ஒகரத்துக்கு முன் வகரம் வைத்து 'வொன்லி' என்பது, 'இஸ்கூல்', கடைசியில் உகரம் சேர்க்கும் 'பஸ்ஸு', 'ஃபேன்' என்பதைப் 'பேன்' என்பது. இவற்றைவிடப் பெரியது அழுத்தம். 'டெவலப்' என்று முதல் அசையில் அழுத்துகிறோம். அழுத்தம் இரண்டாம் அசையில். 'ஹோட்டல்' என்பதும் அப்படியே. அகராதியில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் சின்ன நிமிர்ந்த கோடு இருக்கும். நாளைய பாடத்தின் பத்துச் சொற்களை இன்றிரவு அதில் பார்த்து, கைபேசி அகராதியில் ஒலியையும் கேளுங்கள்.

ஒன்றாம் வகுப்புக்கு ஆங்கில வழியா, தமிழ் வழியா?

வீட்டில் பேசும் மொழியில் வாசிக்கக் கற்ற பிள்ளை அந்தத் திறனை ஆங்கிலத்துக்கும் எடுத்துச்செல்கிறது. அதனால், தமிழ் வழியில் ஆங்கிலத்தை ஒரு பாடமாக நன்றாகச் சொல்லித்தரும் பள்ளி கிடைத்தால் என் ஓட்டு அதற்குத்தான். பலகையில் 'ஆங்கில வழி' என்று இருப்பதால் மட்டும் ஆங்கிலம் வந்துவிடாது. அறிவியலும் புரியாமல் மனப்பாடமாகும் ஆபத்து உண்டு. சேர்க்கும் முன் அந்தப் பள்ளியின் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம், அது பார்த்திராத கதைப்புத்தகத்தின் ஒரு பக்கத்தை வாசிக்கக் கொடுத்து, என்ன நடந்தது என்று தமிழில் கேளுங்கள். கட்டண விவரத்தைவிட அது அதிகம் சொல்லும்.

பத்தாம் வகுப்பில் 80 மதிப்பெண் வாங்குகிறார்கள், சொந்தமாக ஒரு கடிதம் எழுத வரவில்லை. தேர்வையும் விட முடியாதே?

தேர்வு முழுக்க எழுத்துத் தேர்வு. மனப்பாடப் பாடலும் பாடக் கேள்விகளும் நிறைய. நினைவாற்றல் இருந்தாலே கணிசமாக வாங்கிவிடலாம். அதற்குள்ளேயே செய்யக்கூடியது: பத்தி விடையை நோட்ஸாகக் கொடுக்காதீர்கள். ஐந்து குறிப்புச் சொற்களைக் கொடுத்து, முதலில் ஜோடியாக வாயால் சொல்ல வைத்து, பிறகு எழுத வையுங்கள். கடிதத்தில் ஒவ்வொரு முறையும் சூழலை மாற்றுங்கள்: இந்த வாரம் குடிநீர்க் குழாய், அடுத்த வாரம் பேருந்து நிற்காத நிறுத்தம். வாரம் ஒரு நாள் பாடத்தில் இல்லாத 120 சொல் பத்தி ஒன்று.

பத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது தெரியாத சொற்களை எண்ணுங்கள். நூறு சொல்லுக்கு இரண்டு வரை இருந்தால் பிள்ளை தனியாக வாசிக்கும். ஐந்து என்றால் உங்கள் உதவி வேண்டும். பத்து என்றால் வேறு பத்தி எடுங்கள்.

40 நோட்டுகளையும் சிவப்பு மையால் திருத்துகிறேன். அதே பிழை திரும்ப வருகிறது.

எல்லாவற்றையும் திருத்தினால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவிடும். இந்த வாரம் ஒரே பிழை என்று அறிவியுங்கள், இறந்தகால வினை என்று வையுங்கள். அது தவறிய வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும். சரியான வடிவை நீங்கள் எழுதாதீர்கள். மறுநாள் பத்து நிமிடம் கொடுத்து அவர்களே கண்டுபிடித்துத் திருத்தட்டும். நாளுக்கு எட்டு நோட்டு, வாரத்தில் முழு வகுப்பும் முடியும்.

30 நாளில் சரளமாகப் பேச வைப்போம் என்கிற பயிற்சி மையத்தில் சேரலாமா?

30 நாள், நாளுக்கு ஒன்றரை மணி என்றால் 45 மணி. மேலே சொன்ன 350 மணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவருக்குக் கூச்சம் தெளிய உதவும், தொடக்க நிலையில் இருப்பவரைச் சரளமாக்காது. பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பயிற்றுநர் பேசிக்கொண்டே இருந்தால் வேறு இடம் பாருங்கள். 12 பேருக்கு மேல் இருக்கும் வகுப்பில் ஜோடிப் பேச்சு நடக்கிறதா என்றும் கவனியுங்கள்.

வகுப்பில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. கார்ட்டூன் போட்டால் பலன் உண்டா?

இரண்டு நிமிடத் துண்டாகப் போட்டால் உண்டு. முதலில் ஒலியில்லாமல் ஓடவிட்டு என்ன பேசுவார்கள் என்று ஊகிக்கச் சொல்லுங்கள், பிறகு ஒலியோடு, மூன்றாம் முறை இரண்டு வாக்கியத்தைப் பிடித்து எழுதச் சொல்லுங்கள். அரை மணிப் படத்தைப் போட்டுவிட்டு நோட்டுத் திருத்தினால் அன்றைய பாடவேளை போனது போனதுதான்.