பழைய டேப்லெட் நன்றாகவே ஓடும்போது, புதிதாக வந்ததைப் பார்த்ததும் வாங்கத் துடிக்கும் ஆசைக்கு இணங்கலாமா?

இணங்கலாம். நானும் இணங்கியிருக்கிறேன், அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை. ஆனால் வருகிற எல்லா ஆசைக்கும் கதவைத் திறந்துவிட முடியாது. எதற்கு இணங்குவது, எதைக் கடந்து போகவிடுவது என்று பார்க்க எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன்.

நான் அப்படித் திடுதிப்பென்று வாங்கியது மின்னூல் படிக்கும் ஓர் இ-ரீடர். வாங்கும் எண்ணமே இல்லை. வேறொருவர் ஹெட்போன் வாங்கப் போனபோது துணைக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவோரம், நல்ல வெயில் விழுகிற இடத்தில், அந்தக் கருவியை ஒரு பக்கம் திறந்தபடி வைத்திருந்தார்கள். மாதிரிக்காகத் திரைமேல் அச்சடித்த தாளை ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். விரல் பட்டதும் எழுத்தெல்லாம் ஒரு கணம் கறுத்து, வெளுத்து, அடுத்த பக்கம் வந்து நின்றது. விலையை ஒப்பிடவில்லை, ரிவியூ படிக்கவில்லை. கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெயிலில் அந்தத் திரை ஏன் அவ்வளவு தெளிவாக இருந்தது என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். போன் திரை தன் வெளிச்சத்தால் தெரிகிறது. வெயில் அதைவிடப் பெரிய வெளிச்சம், அதனால் திரை மங்கிப்போகிறது. இ-ரீடரில் இருக்கும் இ-இங்க் என்ற மின்-மைத் திரை தாளைப் போலத் தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. உள்ளே தலைமுடி அளவு பருமனுள்ள எண்ணற்ற நுண்குமிழ்கள். ஒவ்வொன்றிலும் தெளிந்த திரவம், அதில் நேர் மின்னூட்டம் பெற்ற வெள்ளைத் துகள்களும் எதிர் மின்னூட்டம் பெற்ற கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. அடியிலிருந்து கொடுக்கும் மின்னழுத்தத்துக்கேற்ப ஒரு நிறம் மேலே வர, மற்றது கீழே போய்விடும். மேலே வந்தது அங்கேயே தங்கிவிடுகிறது. பக்கத்தை மாற்ற மட்டும்தான் மின்சாரம் வேண்டும். வந்த பக்கத்தை அப்படியே வைத்திருக்க மின்சாரம் தேவையில்லை. ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருவதற்கு இதுதான் காரணம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிறந்த இந்த யோசனை 1997இல் தனி நிறுவனமாகி, 2004இல் சோனியின் லிப்ரியே என்ற கருவியாக முதலில் வாசகர் கைக்கு வந்தது. இவ்வளவு அழகான வேலைப்பாட்டைப் பார்த்து மனசு மயங்குவதில் வெட்கப்பட எதுவுமே இல்லை என்பது என் கட்சி.

ஆனால் அந்த மயக்கம் கொஞ்ச நாளில் அடங்கிவிடும். அதற்கப்புறமும் அந்தக் கருவி என் கையிலேயே இருப்பதற்குக் காரணம் வேறு. அது வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நான் தினமும் படித்துக்கொண்டிருந்தேன். படுக்கையில் போனை முகத்துக்கு நேரே பிடித்து, கண் எரிய எரிய, நடுநடுவே வந்து விழும் செய்திகளைத் தள்ளிவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். புதுக் கருவி என் வாழ்க்கையில் புதிய பழக்கம் எதையும் கேட்கவில்லை. ஏற்கெனவே சிரமப்பட்டுச் செய்துகொண்டிருந்த ஒரு வேலையின் சிரமத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. வேலை பழையதா, ஆசை மட்டும் புதியதா? இதுதான் என் அளவுகோல்.

எனக்கு நெருக்கமான இருவர் ஏறக்குறைய ஒரே சமயத்தில், பேனாவால் வரைவதற்கான பென் டேப்லெட் வாங்கினார்கள். ஒருவர் கிடைத்த தாளிலெல்லாம் வரைகிறவர். நோட்டு ஓரம், ரசீதின் பின்பக்கம், எங்கும் முகங்களாக இருக்கும். அவருடைய டேப்லெட்டில் பேனா உரசி உரசி நடுப்பகுதியில் பளபளப்பே போய்விட்டது. இன்னொருவர் வரையத் தொடங்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கினார். அந்த ஆசை உண்மையானது, மதிக்க வேண்டியது. ஆனால் அவர் தேடியது வரைகிற ஒரு வாழ்க்கையை. அதைப் பெட்டிக்குள் வைத்து யாரும் விற்க முடியாது. அவருக்கு முதலில் வேண்டியிருந்தது ஒரு பென்சிலும் தாளும், ஒழிந்த அரைமணி நேரமும். டேப்லெட் மேசையில் கிடக்கக் கிடக்க, 'தொடங்கவில்லையே' என்ற உறுத்தல்தான் வளர்ந்தது. கடைசியில் வரைகிற ஆசையையே விட்டுவிட்டார். பணம் போனதைவிட எனக்கு வருத்தம் தந்தது அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இ-ரீடரை ஒருநாள் என் அம்மா சும்மா எடுத்துப் பார்த்தார். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய், ஒரு வரிக்கு நான்கைந்து சொல் மட்டும் நிற்கும் அளவில் நிறுத்திக்கொண்டார். அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்தோடு மல்லுக்கட்ட முடியாமல் படிப்பதையே ஏறக்குறைய நிறுத்தியிருந்தவர், ஒரு முழு நாவலை முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்று கேட்டார். அவருக்கும் வேலை பழையதுதான். கருவி மட்டும்தான் புதியது.

இனி அந்தத் துடிப்பைப் பற்றி. அது உங்கள் பலவீனம் என்று நினைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். மூளை ஆய்வாளர் பிரையன் நட்சனும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மூளையைப் படம்பிடிக்கும் ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவருக்கு முதலில் பொருளைக் காட்டி, பிறகு விலையைக் காட்டி, வாங்குகிறீர்களா என்று கேட்டார்கள். பிடித்த பொருளைப் பார்த்ததும் மூளையில் பலனை எதிர்பார்க்கும் பகுதி விழித்துக்கொண்டது. விலை அதிகமாகத் தெரிந்தபோது, வலியோடும் அசௌகரியத்தோடும் தொடர்புடைய இன்சுலா என்ற பகுதி விழித்தது. ஆக, விலையைப் பார்த்ததும் சுருக்கென்று படுகிறதே, அதுதான் நமக்கு இயல்பாக அமைந்த பிரேக்.

விற்பவர்கள் அந்தச் சுருக்கை மழுங்கடிக்கத்தான் பாடுபடுகிறார்கள். ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்கு அமேசான் 1999இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. 2017இல் அது காலாவதியானது. ஆசைக்கும் பணத்துக்கும் நடுவில் இருக்கும் ஒவ்வொரு படியையும் எடுத்துவிடுவதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியும். மாதத் தவணையும் அதே வேலையைத்தான் செய்கிறது. பெரிய தொகையைச் சின்னச் சின்னத் துண்டாக்கிக் காட்டினால் எந்தத் துண்டும் சுருக்கென்று தைப்பதில்லை. அதனால் நான் எந்தத் தளத்திலும் கார்டு எண்ணைச் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து போய், கார்டை எடுத்துவந்து, எண்ணைத் தட்ட வேண்டும். தவணையில் பார்க்காமல் முழு விலையைப் பார்க்கிறேன். அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குகிறேன். அது அடக்க வேண்டிய ஆசை இல்லை.

'வாங்கித்தான் பார்ப்போமே, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம்' என்ற சமாதானத்தை மட்டும் நம்பாதீர்கள். 1990இல் கானமன், நெட்ஷ், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேருக்குச் சாதாரணக் காபி கோப்பையைக் கொடுத்து, விற்பதானால் என்ன விலை என்று கேட்டார்கள். அவர்கள் கேட்ட விலை, கோப்பை கிடைக்காதவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கைக்கு வந்த பொருளை விட மனசு வராது. திருப்பி அனுப்புவதற்கான கெடு கண்ணெதிரே கடந்து போகும்.

உங்கள் டேப்லெட்டுக்கு வருகிறேன். பழையதை எடுத்து, அதில் தினமும் எதைத் திறக்கிறீர்கள், எந்த இடத்தில் அது உங்களைக் காக்க வைக்கிறது என்று பாருங்கள். சார்ஜ் சீக்கிரம் இறங்குவதுதான் குறை என்றால், பல மாடல்களில் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லித்தியம் அயனி பேட்டரி சார்ஜ் ஏறி இறங்க ஏறி இறங்கத் தேய்வது இயல்பு; மற்ற பாகங்கள் நன்றாகவே இருக்கும். சேமிக்க இடமில்லை என்றால் பழைய வீடியோக்களை வேறிடத்துக்கு மாற்றினால் போதும். பாதுகாப்பு அப்டேட் வருவதே நின்றுபோயிருந்தாலோ, நீங்கள் அன்றாடம் செய்யும் வேலைக்கு அது திணறினாலோ, புதியது வாங்க அதுவே நியாயமான காரணம். தயங்க வேண்டாம். வீடியோ பார்க்க மட்டும்தான் எடுக்கிறீர்கள் என்றால், புதியதிலும் அதே வீடியோதான் ஓடும்.

வாங்குவது என்று முடிவெடுத்தால், பழையதை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிடாதீர்கள். 2022இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாகவும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம் என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. நன்றாக ஓடும் டேப்லெட் அந்தக் குவியலில் சேரக்கூடாது. படிக்கிற பிள்ளை யாருக்காவது கொடுங்கள். கொடுக்கும் முன் படங்களை நகலெடுத்துவிட்டு, முதலில் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன் பிறகே முழுதாக ரீசெட் செய்யுங்கள். இந்த வரிசை மாறினால் பல கருவிகள் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். பெற்றுக்கொண்டவர் உங்களைத் தேடிக்கொண்டு வர வேண்டியிருக்கும். சார்ஜரையும் மறக்காமல் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.